குக்கர் கூவிய பக்கம்

புதிய ஹெட்போன் ஒன்று கைக்கு வந்தால் சேஷன் உடனே அதில் பாட்டுக் கேட்க மாட்டார். முதலில், ஒன்றும் ஒலிக்காமல், வெறுமனே தலையில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நாளிதழ் படிப்பார். மூக்குக் கண்ணாடியின் காம்பைப் பொட்டில் அழுத்துகிறதா, காதுமடல் திண்டில் இடிக்கிறதா, திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் வியர்வை கோத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். கழுத்து கனக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் இரண்டாம் பக்கம் எழுதப்படாது. தலை ஒப்புக்கொண்ட பிறகே காதின் முறை. அதற்கும் கடையில் விற்கும் இசையை அவர் நம்புவதில்லை. தம் வீட்டுக் கூடத்தில் தாமே பதிவு செய்தவற்றைத்தான் போடுவார்: ஓட்டின்மேல் மழை, தெருவில் போகும் காய்கறி வண்டி, சுவர்க் கடிகாரம். எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் கருவி சொல்வது மெய்யா பொய்யா என்று அறிய முடியும் என்பது அவர் கொள்கை.

ஆரியசாலையில் ஒலிக்கருவிக் கடை வைத்திருக்கும் தளவாய், நல்ல ஜோடி எது வந்தாலும் விற்பனைக்கு வைக்குமுன் இவரிடம் கொடுத்தனுப்புவார். நான்காம் நாள் கருவியும் இரண்டு பக்கக் குறிப்பும் கடைக்குத் திரும்பிவிடும். மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள்முதல் இதில் ஒரு முறையும் நாள் தவறியதில்லை.

இம்முறை ஆறு நாளாகியும் குறிப்பு போகவில்லை. ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு, கோட்டைக்குள் இருக்கும் தம் வீட்டில், நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சேஷன் தம் தங்கை நாகலக்ஷ்மியைக் கைபேசியில் அழைத்தார். அவள் இருப்பது கரமனையில். மூன்று கிலோமீட்டர் தூரம். ஒன்பது ஆண்டுகளாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதில்லை.

ஹலோ... ஹலோ, நாகுவா?... நான்தான்... நான்தான், சேஷு அண்ணா... வெச்சுடாதே நாகு, ஒரே ஒரு...

ஹலோ?... ஹலோ?

*

ஹலோ... ஆமா, மறுபடியும் நான்தான்... இல்லே, யாருக்கும் ஒண்ணும் ஆகலே... நிஜமாத்தான். எல்லாரும் சுகம்... ஜானவியா? பொண்ணும் சுகந்தான். பெங்களூர்லே வேலை. தனியாத்தான் இருக்கா... ஆமா, ஆமா, இருபத்துநாலு ஆயிடுத்து... ம்... ம்... நீ நின்னுண்டே பேசறியா? உக்காந்துக்கோ... அடுப்பிலே என்ன?... சரி, அணைச்சுட்டு வா. நான் இருக்கேன்...

...

ஆச்சா?... நாகு, ஒரு காட்டிலே ஒரு வௌவால் இருந்தது. அந்தக் காட்டிலே யாருக்கு என்ன வழக்குன்னாலும் அதுகிட்டேதான்...

என்ன?... கதை வேண்டாமா... இல்லே, அது வந்து... ஆமா. சின்ன வயசிலேயும் அப்படித்தான். அப்பாவோட பேனாவை உடைச்ச அன்னிக்கு உன்னை உக்கார வெச்சு நரிக் கதை சொன்னேன். ஞாபகம் இருக்கு. தப்புப் பண்ணினா நேக்கு மிருகந்தான் வரும்... சரி, மதி, போறும். கதை சொல்லலே. நேரே சொல்றேன். நேரே சொல்ல வாய் வரலே, அதான்.

தளவாய் கடையிலேர்ந்து ஒரு ஹெட்போன் வந்தது... இரு, கேளு. ஹெட்போன் விஷயந்தான்... தெரியும். ஒன்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் கூப்பிட்டு ஹெட்போன் பத்திப் பேசினா கோவம் வராம என்ன வரும்? ஆனா சங்கதி அதுக்குள்ளேதான் இருக்கு. அஞ்சு நிமிஷம் கேளு. அப்புறம் நீ வெச்சுக்கோ, நான் திரும்பக் கூப்பிடவே மாட்டேன்...

இது ஓப்பன் பேக் ஜாதி. காதை மூடற கிண்ணம் இருக்கில்லையா, அதுக்கு வெளிப்பக்கம் மூடி கிடையாது. சல்லடை மாதிரி கம்பி வலைதான். உள்ளே பாடறது வெளியிலே கேக்கும். வெளியிலே காக்கா கத்தினா உள்ளே கேக்கும். பஸ்ஸிலே போட்டுண்டு போக லாயக்கே இல்லே. ஆனா பாட்டு மண்டைக்குள்ளே அடைஞ்சு கிடக்காது. கூடத்திலே நாலு பேர் அங்கங்கே உக்காந்து பாடறாப்பலே, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்னு பிரிஞ்சு நிக்கும்... ஆமா, என் பழசும் அதே ஜாதிதான். நீ பார்த்திருக்கே. ஜானவி தலையிலே நான் மாட்டினேனே, அது.

...

ம். அதைத்தான் சொல்ல வரேன். குறுக்கே பேசாதே, நேக்குக் கோர்வை விட்டுப் போயிடும்.

இது தலைக்கு நல்ல இதம். வெல்வெட்டுத் திண்டு. கண்ணாடியோட மூணு மணி நேரம் போட்டிருந்தேன், பொட்டிலே வலியே இல்லே. போட்டிருக்கறது மறந்து போய்க் காப்பி போட எழுந்தேன், வயரோட சேர்ந்து மிஷினும் கூடவே வரது... ஆமா, சிரி... சிரிக்கலையா? சிரிச்சாப்பலே இருந்தது... சரி, இல்லே.

பெண் குரல் இதிலே ரொம்ப நன்னா வரும்னு தளவாய் சொல்லியிருந்தான். அதை நிதானிக்கணும்னா நேரிலே கேட்ட குரல் வேணும். என்கிட்டே அப்படி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு... ஆமா. அந்த நவராத்திரி ரெக்கார்டிங். நம்ம கூடத்திலே ஜானவி பாடினது. மறுநாள் அவளும் நானும் ஒரு தடவை கேட்டதோட சரி. அப்புறம் நான் அதைத் திறக்கவே இல்லே நாகு. திறக்கக் கை வரலே.

போட்டேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி குக்கர் கூவித்து. இடது பக்கத்திலே.

...குக்கர்தான். நம்மாத்துக் குக்கர். பாட்டுக்கு நடுவிலே விழுந்திருக்கு. சொல்லு, மைக் வெச்ச ஸ்டூல்லேர்ந்து ஜானவியைப் பார்த்தா சமையலறை எந்தப் பக்கம்?... யோசிச்சே சொல்லு... ஆமா, இடது. தெரு ஜன்னல்?... வலது. ஜன்னலடியிலே யாரு?... ஆமா, நீ. நீ மட்டுந்தான். மத்தவா எல்லாம் பின்னாலே, ரேழி வரைக்கும். சரி, சமையலறை வாசல்லே யாரு?

...

நானே சொல்றேன். நானும் ஸ்ரீலக்ஷ்மியும். அடுப்பைப் பார்த்துக்கணும்னு உன் மன்னி வாசப்படியிலேயே உக்காந்துட்டா. நான் பக்கத்திலே, மிஷின்லே சிவப்பு விளக்கு எரியறதான்னு குனிஞ்சு பார்த்துண்டிருந்தேன். வேறே ஒண்ணும் என் காதிலே விழலே.

அப்போ குக்கர் இடதிலேதான் கூவணும். இதிலே அப்படித்தான் கூவித்து. ஆனா நாகு, அந்த மறுநாள் கேட்டபோது குக்கர் வலதிலே கூவித்து... எப்படித் தெரியுமா? அன்னிக்கு எழுதின நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருக்கு. "குக்கர், வலப்புறம், மிகத் தெளிவு." மிகத் தெளிவாம். நேக்கு இருக்கற தெளிவு அவ்வளவுதான்.

பரண்லேர்ந்து பழசை இறக்கினேன். அதுக்கு வயர் தனி. ரெண்டு முனை, ஒண்ணொண்ணா ரெண்டு காதிலேயும் சொருகணும். வலதுக்குச் சிவப்பு வளையம். லென்ஸ் வெச்சுப் பார்த்தேன்... சிவப்பு முனை இடது காதிலே இருக்கு. இப்பவும் அப்படியே இருக்கு நாகு. நவராத்திரிக்கு முன்னாடி திண்டு அழுக்காயிடுத்துன்னு கழட்டித் தோய்ச்சுக் காயப் போட்டேன். திரும்ப மாட்டும்போது நான்தான் மாத்திச் சொருகியிருக்கேன்.

...ம். புரிஞ்சுதா?... "தகரத்தைத் தேய்க்கறாப்பலே இருக்கு"ன்னு பாட்டுக்கு நடுவிலே அந்தக் கிசுகிசுப்பு இருக்கே, அது ஜன்னல் பக்கத்திலேர்ந்து வரலே.

கிசுகிசுப்புக்கு முகம் கிடையாது. ஆணா பெண்ணான்னுகூடச் சொல்ல முடியாது. பக்கம் ஒண்ணுதான் சாட்சி. பதினஞ்சு வயசுக் குழந்தை, தான் பாடினதைக் கேக்கறதுக்கு அத்தனை சந்தோஷமா உக்காந்தா. பாதியிலே கழட்டிக் கீழே வெச்சுட்டு, "அந்தப் பக்கம் யாருப்பா உக்காந்திருந்தா"ன்னு கேட்டா. நான் ஒரு நிமிஷங்கூட யோசிக்கலே. அத்தைன்னேன். அத்தோட பாட்டுக்கு அவ வாய் மூடித்து, இன்னி வரைக்கும் திறக்கலே. உடனே உன்னைக் கூப்பிட்டேன். என்னெல்லாம் சொன்னேன்... வேண்டாம், நீ திரும்பச் சொல்லாதே. நேக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. பொறாமைக்காரின்னேன். என் வாசப்படி மிதிக்காதேன்னேன்.

நாகு?... நாகு, இருக்கியா?... நீ சொல்லலே. அதை உன்கிட்டே சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ சொல்லவே இல்லே.

...

என்ன?... தெரியும்னா? நீ சொல்லலேன்னு நோக்குத் தெரியாம இருக்குமா, அது வேறே... இல்லையா?... பின்னே என்ன தெரியும்?

...

அன்னிக்கேவா?

...நேர் எதிரே இருந்தே. ஆமா, பார்த்திருப்பே. உதடு அசையறது தெரிஞ்சிருக்கும்... ம்... ம்... கண்ணும் கலங்கியிருந்ததா, அவளுக்கு?

பின்னே ஏன் சொல்லலே! நான் அத்தனை பேசினேனே, நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை... ம்... ம்... அத்தை சொன்னான்னா குழந்தை நாலு நாள் அழுதுட்டு விட்டுடும். பெத்தவளே சொன்னான்னா...

...

மதி நாகு. இரு. செத்தெ நேரம் இரு. தண்ணி குடிச்சுட்டு வரேன்.

...

ஹலோ... இருக்கேன்... இல்லே, இருமல். ஒண்ணும் இல்லே.

அவ கெட்டவ இல்லேன்னு நீ சொல்றே. நான் சொல்லணும், நீ சொல்றே... ஆமா, பயந்துட்டா. ஊரே உக்காந்திருக்கு, பொண்ணு குரல் மேலே போக மாட்டேங்கறதேன்னு தவிச்சுட்டா. யாரைப் பார்த்தும் சொல்லலே. தனக்குத்தானே சொல்லிண்டா. மைக் பக்கத்திலே இருக்கறதை மறந்துட்டா... அப்புறம் உன் பேர் அடிபட்டபோது? நான் உன்னைத் திட்டிண்டிருந்தபோது அவ அடுக்களையிலே அரிசி களைஞ்சுண்டிருந்தா. தண்ணியை மாத்தி மாத்தி விட்டுண்டே இருந்தா. திரும்பிப் பார்க்கலே. நான் அதையும் பார்த்தேன், அதையும் எழுதி வெச்சிருந்தா "மிகத் தெளிவு"ன்னுதான் எழுதியிருப்பேன்.

...என்ன புடவை?

கனுவுக்கா? நானா?... இல்லையே. நான் அனுப்பலே நாகு. கனுவுக்குக் கூடப் பிறந்தவளுக்குச் சீர் அனுப்பாத அண்ணா இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தன்தான். பிடிவாதமா அனுப்பலே... எத்தனை வருஷம் வந்தது?... ஆறா... ஒவ்வொரு தை மாசமுமா?... மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்... ம். நோக்குப் பிடிச்ச கலர்... உள்ளே என் பேர் போட்டுச் சீட்டா?... மேல் விலாசம் மன்னி கையெழுத்து. நான் சொல்லி அவ எழுதினான்னு நினைச்சுட்டே...

...

ஆமா, மூணு வருஷமா வரலே. எப்படி வரும்? அனுப்பினவ போயிட்டாளே.

நீ என்ன நினைச்சே?... சாவுக்கு நீ வரலேன்னு நேக்குக் கோவம்னா?... ஐயோ, நான்தானே சொல்லி அனுப்பலே. யார் யாருக்கோ சொன்னேன், நோக்குச் சொல்லாதேங்கோன்னு சொன்னவன் நான்... வந்தியா? எங்கே?... தெரு முனை வரைக்குமா... மருந்துக் கடை வாசல்லே... எடுத்துண்டு போற வரைக்கும் நின்னியா?

...

ம்.

...

ம். இருக்கேன்.

...வௌவாலா? இப்போ கேக்கறியா நீ?... சொல்றேன். அதுக்குக் காது ரொம்பக் கூர்மை. அதனாலே காட்டிலே எல்லாரும் சேர்ந்து அதை நியாயாதிபதி ஆக்கிட்டா. ஒரு நாள் குயில் குஞ்சு பாடிண்டிருக்கும்போது யாரோ ஒருத்தர் பழிச்சுட்டா. சத்தம் எந்தப் பக்கத்திலேர்ந்து வந்ததுன்னு வௌவாலைக் கேட்டா. வலதுன்னுது. வலது மரத்திலே இருந்த மைனாவை அடிச்சுத் துரத்திட்டா. வௌவால் தலைகீழாத் தொங்கிண்டு இருந்தது. அதை அதுவும் யோசிக்கலே, கேட்டவாளும் யோசிக்கலே... அப்புறமா? அப்புறம் நான் இன்னும் கட்டலே. திரும்பி நேரா நிக்கலாம்னா அதுக்குக் காலிலே பலம் கிடையாதே.

...

பாட்டா?... ஜானவி பாடினதா?... கேக்கலாம், ஏன் கேக்கக் கூடாது? இந்த ஜாதிக்கு அதான் சௌகரியம், வலை வழியா வெளியிலே வரும். இரு, ஃபோனைக் கிட்டே பிடிக்கறேன். கொஞ்சம் சன்னமாத்தான் கேக்கும்...

...

...

கேட்டதா?... நன்னா இருக்கில்லே?... ஆமா, மேலே போற இடத்திலே கொஞ்சம் நடுங்கறது. பதினஞ்சு வயசுக்கு நடுங்காதா? ஆனா தகரம் இல்லே. எங்கேயும் தகரம் இல்லே நாகு... இல்லே, நிறுத்திட்டேன். குக்கர் கூவியாச்சு. அந்த இடம் வரப் போறது.

இன்னிக்கு ஜானவியைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்... ஏன் வேண்டாம்?... ஏன்? அவளுக்குத் தெரிய வேண்டாமா?... ம்... ஆமா, வெச்சிருக்கா. பெங்களூர்லே அவ ரூம்லேயும் ஸ்ரீலக்ஷ்மி படந்தான். ஆபீஸுக்குப் போறச்சே அதுகிட்டே சொல்லிட்டுத்தான் போவா... தெரியும்... தெரியும் நாகு. அவளுக்கு மிச்சம் இருக்கற அம்மா அதுதான். அதையும் பிடுங்கிடாதேங்கறே.

அப்போ நீ?... ஒன்பது வருஷம் போறாதா நோக்கு?... "பழகிப் போச்சு"ன்னு சொல்லாதே. திட்டு. என்ன வேணா சொல்லு. அதை மட்டும் சொல்லாதே.

...

இடது பக்கம் ரெண்டு பேர் இருந்தோம், நாகு.

...இரு. நான் சொல்றதைக் கேளு... இல்லே, பதறாதே. கிசுகிசுப்புக்கு முகம் கிடையாதுன்னு இப்போதானே சொன்னேன்... நான் ஒண்ணும் அவசரப்படலே. ஏழு நாளா இதையேதான்... ஒரு நிமிஷம் லைன்லே இரு. வெச்சுடாதே. மூணு பேர் சேர்ந்து பேசறது எப்படின்னு ஜானவி போன தடவை வந்தப்போ சொல்லிக் குடுத்திருக்கா.

...

ஜானவியா? அப்பா... ஆபீஸ்லேயா?... ரெண்டே நிமிஷம்... உடம்புக்கு ஒண்ணும் இல்லே. மாத்திரை எல்லாம் சாப்பிட்டாச்சு. இரு, இதிலே ஒரு பட்டன் அமுக்கணும்... இது இல்லே... ஆங், இது.

நாகு, கேக்கறதா?... ஜானவி?... ஆமா, அத்தைதான். நாகு அத்தை... நான்தான் கூப்பிட்டேன், அவ கூப்பிடலே. வெச்சுடாதே குழந்தே. அவ ஒண்ணும் பேச மாட்டா. நான்தான் பேசப் போறேன்.

அன்னிக்கு நீ பாடினபோது அதைச் சொன்னது அத்தை இல்லே.

நான்.

...நாகு, நீ சும்மா இரு.

ஆமா, நான்தான். வாசப்படிகிட்டே உக்காந்திருந்தேன். வாயிலே வந்துடுத்து... வலது பக்கம் கேட்டதுன்னா, அந்த ஹெட்போன்லே வயரை நான் மாத்திச் சொருகியிருந்தேன். படம் எடுத்து அனுப்பறேன், நீயே பாரு. யாருன்னு நீ கேட்டபோது நான்னு சொல்ல தைரியம் வரலே. அத்தை பக்கம் கை காமிச்சுட்டேன்.

...

ஆமா... ஆமா... ஆமா, நீ சொல்றது எல்லாம் சரி... இல்லே, சாக்குச் சொல்லலே... நீ பாட்டை விட்டதும் என்னாலேதான். ஆமா... ஒன்பது வருஷம் அத்தையை வெறுத்தே. அதுவும் என்னாலேதான்.

...

அம்மாவா?

...

அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. உன் பாட்டுன்னா அவளுக்கு உசிர். தெரிஞ்சிருந்தா என்னை இந்த ஆத்துலே வெச்சிருப்பாளா?

...

சரி... சரிம்மா. என்னோட பேச வேண்டாம். நோக்கு எப்போ தோணறதோ அப்போ பேசு. தோணலேன்னா வேண்டாம். ஆனா அத்தைகிட்டே இப்போ பேசு. அவகிட்டே பேசாத நாள் ரொம்ப ஆயிடுத்து... லைன்லேதான் இருக்கா. அழறது கேக்கலையா?

நாகு, மதி. இத்தனை நாள் நீ வெச்சிருந்தே. இனிமே இது என்கிட்டே இருக்கட்டும். குடுத்துடு.

நான் வெச்சேன்னா உங்க ரெண்டு பேருக்கும் கட் ஆயிடும். அதனாலே வெக்கலே. ஃபோனை மேஜை மேலே வெச்சுட்டு ஹெட்போனை மாட்டிண்டு உக்காந்துக்கறேன். நீங்க பேசறது ஒண்ணும் என் காதிலே விழாது...

...கம்பி வலையா?... விழாதுடி நாகு. நீ பேசு.